ஈவு விதி

ஒரு சார்பை மற்றொரு சார்பால் வகுத்தால் கிடைக்கும் சார்பின் வகைக்கெழுவை, அதாவது அது மாறும் வீதத்தை, காணும் நுண்கணித விதி. தொகுதி, பகுதி இரண்டும் பல்லுறுப்புக்கோவைகளாக உள்ள விகிதமுறு சார்புகளில் இது அன்றாடம் பயன்படுகிறது.

ஆங்கிலத்தில் இது 'குவோஷன்ட் ரூல்'. 'எத்தனை முறை' என்று பொருள்படும் 'குவோடியன்ஸ்' என்ற இலத்தீன் சொல்லே 'குவோஷன்ட்' ஆயிற்று. 20இல் 4 எத்தனை முறை அடங்கும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. தமிழின் 'ஈவு' ஈதலிலிருந்து வந்தது. பங்கிட்டபோது தலைக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்கிறது. வகுஎண், ஈவு, மீதி என்று தொடக்கப் பள்ளியிலேயே பழகிய சொல்தான்.

இவ்விதியை 'வகுத்தல் விதி' என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் வகுத்தல், வகையிடல் (வகைக்கெழு காணல்), வகைக்கெழு மூன்றுமே 'வகு' என்ற ஒரே வேரில் முளைத்தவை. 'வகுத்தல் விதிப்படி வகையிடுக' என்று படிக்கும் மாணவர் எது வகுத்தல், எது வகையிடல் என்று ஒரு கணம் தடுமாறக்கூடும். மேலும், நாம் வகையிடுவது வகுத்தல் என்னும் செயலை அன்று, அதன் விளைவை. எனவே 'ஈவு விதி' என்பதே என் தேர்வு. (இந்தக் கணக்கில் பெருக்கல் விதியும் 'பெருக்கற்பலன் விதி' ஆகவேண்டும். அது ஊன்றிவிட்டது, விட்டுவிடலாம்.)

தொகுதியை தொ, பகுதியை ப, வகைக்கெழுவை மேற்கோடு (′) கொண்டு குறித்தால்:

(தொ / ப)′ = (ப·தொ′ − தொ·ப′) / ப²

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தனித்தனியே வகையிட்டு வகுத்தால் போதாதா? நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 1675 நவம்பரில் தம் கையெழுத்துப் படியில் இதே கேள்வியை எழுப்பி, ஆகாது என்று கண்டார். 1684இல் 'ஆக்டா எருடிடோரம்' இதழில் வெளியான அவருடைய கட்டுரையில் சரியான விதி இருக்கிறது. ஆனால் கூட்டல், கழித்தல் குறிகளை இரட்டையாகவே (±, ∓) விட்டு வைத்தார்.

ம என்ற மாறியில் ம / (ம² + 1) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். தனித்தனியே வகையிட்டால் 1 / 2ம் வரும். இது எங்கும் சுழியமாவதில்லை. ஈவு விதி தருவது:

[(ம² + 1)·1 − ம·2ம] / (ம² + 1)² = (1 − ம²) / (ம² + 1)²

ம = 1 எனில் இது சுழியம். சார்பு தன் உச்சமான 1/2ஐத் தொடுவதும் அங்கேதான்.

விதியை மனப்பாடம் செய்தவர்களுக்கு எது முன்னால், எது பின்னால் என்ற ஐயம் தேர்வறையில் வரும். அப்போது ஈவு என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளலாம். ஈவு × பகுதி = தொகுதி. ஈவை ஈ எனக் கொண்டு இருபுறமும் பெருக்கல் விதியால் வகையிட்டால் ஈ′·ப + ஈ·ப′ = தொ′. இதில் ஈ = தொ / ப என இட்டு, ஈ′ஐத் தனியே பிரித்தால் விதி தானே வந்துவிடும்; கழித்தல் குறியும் பகுதியின் வர்க்கமும் எங்கிருந்து வந்தன என்பதும் தெரியும்.