'ஹார்ட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் எது?

'ஹார்ட்' (hard) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் சிலர் 'சாஃப்ட்' என்பார்கள், சிலர் 'ஈஸி' என்பார்கள். இரண்டுமே சரிதான். ஆனால் சாஃப்டும் ஈஸியும் ஒத்த பொருள் கொண்டவை அல்ல. தலையணை சாஃப்டாக இருக்கும், ஈஸியாக இருக்காது. தேர்வுத்தாள் ஈஸியாக இருக்கும், சாஃப்டாக இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சொற்கள் ஒரே சொல்லுக்கு எதிரே எப்படி வந்து நிற்கின்றன?

எதிர்ச்சொற்கள் பொருளில் வெகுதூரம் விலகியவை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அவை மிக நெருங்கிய உறவினர். 'சூடு', 'குளிர்ச்சி' இரண்டும் வெப்பநிலையைப் பற்றியே பேசுகின்றன. அந்த அளவுகோலில் எந்தப் பக்கம் என்பதில் மட்டுமே வேறுபடுகின்றன. 'சூடு', 'முக்கோணம்' என்ற இரண்டும் எதிலுமே ஒன்றவில்லை, அதனாலேயே அவை எதிர்ச்சொற்கள் ஆகவில்லை. மற்ற எல்லாம் பொதுவாக இருந்து ஒரே ஒரு கூறு மாறினால்தான் எதிர் பிறக்கும். ஆகவே எதிர்ச்சொல் தேடுமுன் அந்தச் சொல் எந்த அளவுகோலில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஹார்ட் பல அளவுகோல்களில் நிற்கும் சொல்.

பாறை ஹார்ட் என்றால் அழுத்தினால் அமுங்காது, எதிர் சாஃப்ட். கேள்வி ஹார்ட் என்றால் விடை காண உழைக்க வேண்டும், எதிர் ஈஸி. தமிழில் 'கடினம்' இதே வேலையைச் செய்கிறது: கடினமான பாறைக்கு எதிர் மென்மை, கடினமான கேள்விக்கு எதிர் எளிமை. தண்ணீருக்கு வந்தால் கதை மாறுகிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீர் கடின நீர். அவை குறைந்தது மென்னீர். இங்கே அமுங்குவதும் இல்லை, உழைப்பும் இல்லை. எக்ஸ் கதிர்களிலும் ஹார்ட், சாஃப்ட் உண்டு; ஆற்றல் மிகுந்து பொருளை ஊடுருவிச் செல்பவை ஹார்ட், எளிதில் உறிஞ்சப்படுபவை சாஃப்ட்.

என்னை மிகவும் கவர்வது இந்த ஜோடி புதுச்சொற்களைப் பெற்றெடுக்கும் விதம். கணினியின் தொட்டுணரக்கூடிய பாகங்களுக்கு ஹார்ட்வேர் என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால்தான், தொட முடியாத நிரல்களுக்கு சாஃப்ட்வேர் என்ற பெயர் பொருந்தியது. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1958-இல் அச்சில் அதை இந்தப் பொருளில் பயன்படுத்தினார். நிரலில் மென்மையாக எதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது, சொல் அங்கே போய் அமர்ந்துகொண்டது. தமிழும் வன்பொருள், மென்பொருள் என்று ஜோடியாகவே எடுத்துக்கொண்டது.

அப்படியானால் படிக்கும்போது நம் மூளை சரியான பொருளை எப்படிப் பிடிக்கிறது? பெரும்பாலும் அடுத்து வரும் பெயர்ச்சொல்லைக் கொண்டுதான். ஜான் ஜஸ்டெசன், ஸ்லாவா காட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-இல் ஹார்ட், லைட், ஓல்ட், ரைட், ஷார்ட் ஆகிய ஐந்து உரிச்சொற்களை எடுத்துக்கொண்டு இதைக் காட்டினார்கள். பொருளைப் பிரித்தறிய அவர்கள் பயன்படுத்திய கருவியே எதிர்ச்சொற்கள்தான். ஓல்ட் என்பதற்கு நியூ எதிரா, யங் எதிரா? வீடு என்றால் நியூ, மனிதர் என்றால் யங். தமிழில் பழைய, முதிய என்று முன்கூட்டியே பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெயர்ச்சொல் செய்கிறது.

பொருள் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். 'பிக்', 'லார்ஜ்' இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆங்கிலம் பேசுவோர் காதுக்கு பிக்கின் ஜோடி 'லிட்டில்', லார்ஜின் ஜோடி 'ஸ்மால்'. லார்ஜையும் லிட்டிலையும் ஜோடி சேர்த்தால் ஏதோ இடறும். அதனால்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தலைமையில் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட் என்ற சொற்களஞ்சியத்தில், எதிர்மை என்பது கருத்துகளுக்கு இடையிலான உறவாக அல்லாமல் தனித்தனிச் சொற்களுக்கு இடையிலான உறவாகவே பதிவாகியுள்ளது. இந்தப் பழக்கம் வரும் வழியும் ஓரளவு தெரியும். எதிர்ச்சொற்கள் தற்செயலாக நேரக்கூடியதைவிட மிக அதிகமாக ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருகின்றன என்று முன்பு சொன்ன ஜஸ்டெசனும் காட்ஸும் 1991-இல், பத்து லட்சம் சொற்கள் கொண்ட ஒரு ஆங்கில உரைத்தொகுப்பில் கண்டார்கள். 'ஏழையானாலும் பணக்காரரானாலும்' என்பது போலச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டே ஜோடி மனதில் பதிகிறது.

இதே நெருக்கம் கணினிகளுக்குத் தொல்லை. சுற்றியுள்ள சொற்களை வைத்து ஒரு சொல்லின் பொருளைக் கணிக்கும் முறையில், சூடான தேநீரும் குளிர்ந்த தேநீரும் ஒரே மாதிரியான வாக்கியங்களில் வருவதால் இரண்டு உரிச்சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் போய் நிற்கும். ஒத்த சொல் எது, எதிர்ச்சொல் எது என்று பிரிக்க அந்தக் கணக்கு மட்டும் போதாது. தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

இனி, எதிர்ச்சொல்லே இல்லாத பயன்பாடுகளும் உண்டு. காது மந்தமானவரை ஆங்கிலத்தில் 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' என்பார்கள். நன்றாகக் கேட்பவரை யாரும் 'சாஃப்ட்' என்றோ 'ஈஸி ஆஃப் ஹியரிங்' என்றோ சொல்வதில்லை. அங்கே ஹார்ட் எந்த அளவுகோலிலும் தனியாக நிற்கவில்லை, தொடரோடு இறுகிப்போய்விட்டது.