கடலோரத்தில் ஆழம் போனால் உப்பு

நிலத்தடி நீர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கோடை பிறந்ததும் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து அழைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, போர் உப்புத் தட்டுகிறது, இன்னும் ஒரு நூறடி இறக்கலாமா என்பதுதான். இறக்கவே கூடாது.

மணற்பாங்கான கடற்கரையில் நன்னீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. ஆகவே மேலே ஓரடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் நாளடைவில் 40 அடி ஏறிவிடும். ஏறிய உப்பு, மோட்டாரை நிறுத்திய மறுநாளே இறங்கிவிடாது. அது கழுவப்படப் பல ஆண்டுகள், சில இடங்களில் ஒரு தலைமுறைக்காலம்கூட ஆகலாம்.

மணக்குடிக் காயலை அடுத்த ஒரு வீட்டில், புதிதாகப் போட்ட போர் தண்ணீரில் உப்பளக்கும் கருவியை முக்கியபோது கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியது. வேறு நீர் கிடைக்காத இடத்தில்கூட இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு அனுமதிக்கும் உச்ச அளவு அது. அதே வீட்டுப் புரையிடத்தின் மூலையில், இருபதடிகூட ஆழமில்லாத பழைய உறைகிணற்றில் சோறு பொங்கத் தக்க நல்ல தண்ணீர் கிடந்தது. அதை மண் போட்டு மூடிவிட்டு வண்டி நிறுத்த இடம் செய்வதாக இருந்தார்கள்!

மேலே நிற்கும் அந்த ஓரடியைக் காப்பவை மழையும் குளங்களும் வயல்களும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்கள் வழியே நாஞ்சில் நாட்டுக் குளங்களை நிரப்ப, ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் அடுத்ததற்கு வரத்தாக, கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைந்த வயல்களில் மாதக்கணக்கில் தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. வயல் மனையாகும்போது நெல் மட்டுமா போகிறது? சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது மகிழ்ச்சியே. பறவை வந்திறங்காத சிறு குளங்களுக்கு அந்தக் கவனிப்பு இல்லை, ஊற்றுக்கு அவையும் வேண்டும்.

மனை வாங்குவோர் பத்திரத்தோடு கிராம வரைபடத்தையும் வாங்கிப் பார்த்து, அந்த இடத்தில் வாய்க்காலோ மறுகாலோ ஓடியதா என்று அறிந்துகொள்ள வேண்டும். உறைகிணறு இருந்தால் தூர்வாரி, முதல் மழையை வெளியே விட்டபின், கூரைநீரை மணலும் சரளையும் நிரப்பிய தொட்டியில் வடித்து அதில் சேர்க்கலாம். ஒரேயடியாக இறைக்காமல், காலையில் சிறிது மாலையில் சிறிது என்று இறைத்தால், பெரும்பாலான வீடுகளுக்கு அந்தக் கிணறே போதும்.