பெரிய அப்டேட் வந்திருக்கு, போடலாமா வேணாமா?

போன்ல புது வெர்ஷன் ரெடின்னு நோட்டிஃபிகேஷன் வந்ததும் எல்லாரும் கேக்குறது போடலாமா வேணாமான்னுதான், ஆனா அப்டேட்னு ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சமாச்சாரம் வருது, அத முதல்ல பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைய அடைக்குற சின்ன அப்டேட். இன்னொண்ணு ஆண்ட்ராய்ட் 15லேர்ந்து 16, ஐஓஎஸ் 18லேர்ந்து 26ன்னு மொத்த சிஸ்டமும் மாறுற மேஜர் அப்டேட். பேட்ச்சுக்கு யோசிக்கவே வேணாம், வந்த உடனே போட்டுடுங்க. மேஜருக்கு தாராளமா யோசிக்கலாம்.

2021 செப்டம்பர்ல ரெண்டும் அடுத்தடுத்து வந்துச்சு. 13ஆம் தேதி ஆப்பிள் ஐஓஎஸ் 14.8 விட்டாங்க, சரியா ஒரு வாரம் கழிச்சு 20ஆம் தேதி ஐஓஎஸ் 15. எல்லாரும் பேசினது 15 பத்தித்தான், ஆனா அவசரமா போட வேண்டியது 14.8. பெகாசஸ் வேவு சாஃப்ட்வேர் நுழைஞ்சிட்டு இருந்த ஓட்டைய அடைச்சது அதுதான். ஐபோனோட மெசேஜ் வசதியான ஐமெசேஜ்ல ஜிஃப்னு பேர் வச்சு ஒரு ஃபைல் வரும், உண்மையில அது பிடிஎஃப், போன் அத தானா பிரிச்சுப் பாக்கும்போதே ஆட்டம் முடிஞ்சிடும், நீங்க எதையும் தொடவே வேணாம். டொரான்டோ பல்கலைக்கழகத்தோட சிட்டிசன் லேப் இதக் கண்டுபிடிச்சு ஆப்பிளுக்கு சொன்னாங்க. இதுல பலரும் கவனிக்காத விஷயம் என்னன்னா, பேட்ச் வெளிய வந்ததுமே பழைய சாஃப்ட்வேரையும் புது சாஃப்ட்வேரையும் ஒப்பிட்டுப் பாத்து ஓட்டை எங்க இருந்துச்சுன்னு விவரம் தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சுடலாம், அதனால அதுக்கப்புறமும் பேட்ச் போடாத போனுக்கு ஆபத்து முன்ன இருந்தத விட அதிகம்.

சரி, மேஜர் அப்டேட்டுக்கு ஏன் பொறுக்கணும்? திரும்பி வர்றது கஷ்டம், அதான். 2016ல வந்த ஆண்ட்ராய்ட் 7லேர்ந்து சிஸ்டத்துக்கு ஏ, பின்னு ரெண்டு இடம் வைக்குற முறை இருக்கு. நீங்க ஏ-ல போன யூஸ் பண்ணிட்டே இருக்கும்போது புதுசு பி-ல ஏறும், ரீஸ்டார்ட் பண்ணா பி-லேர்ந்து ஆன் ஆகும், ஆகலைன்னா போன் தானாவே ஏ-க்கு திரும்பிடும். நடுவுல சார்ஜ் தீந்து போன் டெட் ஆகுறதெல்லாம் இதனால ரொம்பக் கொறஞ்சிருக்கு, உண்மையிலயே அருமையான வேலை. ஆனா போன் நல்லா ஆன் ஆகிடுச்சுன்னா அதுக்கு வேலை முடிஞ்சுது. கேமரா மங்கலா தெரியுது, பேங்க் ஆப் ஓப்பன் ஆகலைங்குறதெல்லாம் அதுக்குத் தெரியாது.

அப்புறம் ரோல்பேக் தடுப்புன்னு ஒண்ணு, அதாவது பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போக விடாத ஏற்பாடு. எந்த வெர்ஷன் வரைக்கும் வந்தாச்சுங்குற நம்பர ஈசியா அழிக்க முடியாத இடத்துல போன் எழுதி வச்சுக்கும், சில போன்கள்ல சிப்புக்குள்ள இருக்குற குட்டி ஃபியூஸையே எரிச்சு பதிவு பண்ணிடுவாங்க, எரிஞ்சது எரிஞ்சதுதான். அதுக்கு முந்தின சாஃப்ட்வேர ஏத்தப் பாத்தா, போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்த ஏத்தி விடுற பூட்லோடர் ஒத்துக்காது. திருடன் பழைய ஓட்டை வெர்ஷன ஏத்தி உள்ள பூந்துடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு, அது நியாயமானதும் கூட. ஐபோன்ல ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் ஆப்பிள் சர்வர் டிஜிட்டல் கையெழுத்து போட்டு அனுமதி தரணும், புதுசு வந்து கொஞ்ச நாள்ல பழசுக்கு கையெழுத்த நிறுத்திடுவாங்க, அதோட கதவு மூடிடும்.

முதல் வாரத்துல சொதப்புறதும் நடக்கும். 2014 செப்டம்பர்ல வந்த ஐஓஎஸ் 8.0.1 ஐபோன் 6ல நெட்வொர்க்கையே காலி பண்ணிடுச்சு, அன்னிக்கே வாபஸ் வாங்கி மறுநாளே 8.0.2 விட்டாங்க. அதனால முதல் திருத்தம் வர்ற வரைக்கும் பொறுக்குறது என்னப் பொறுத்தவரை புத்திசாலித்தனம். அதுக்காக வருஷக்கணக்கா தள்ளவும் முடியாது, 15 வேணாம்னு 14லயே இருந்தவங்களுக்கு ஆப்பிள் கொஞ்ச நாள் தனியா பேட்ச் குடுத்தாங்க, 2022 ஜனவரி வாக்குல அதையும் நிறுத்திட்டாங்க.

போட்டதுக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் போன் சூடாகும், சார்ஜ் சர்ருனு இறங்கும். உடனே திட்ட வேணாம். ஆண்ட்ராய்ட் ஆப்புகள புது சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி மறுபடி கம்பைல் பண்ணி தயார் பண்ணிட்டு இருக்கும், ஐபோன் போட்டோவெல்லாம் தேடுறதுக்கு வசதியா திரும்ப இண்டெக்ஸ் பண்ணும், முடிஞ்சதும் அடங்கிடும்.

அடங்கலைன்னா பேட்டரியப் பாருங்க. லித்தியம் பேட்டரிக்கு வயசாக ஆக உள்தடை, அதாவது உள்ளேர்ந்து கரன்ட் வெளிய வர்றதுக்கு இருக்குற எதிர்ப்பு, ஏறும், பிராசஸர் திடீர்னு கரன்ட் கேக்கும்போது வோல்டேஜ் படக்குன்னு இறங்கி போன் ஆஃப் ஆகும். இத சமாளிக்கத்தான் 2017 ஜனவரியில வந்த ஐஓஎஸ் 10.2.1ல ஆப்பிள் பழைய பேட்டரி போன்களோட வேகத்தக் கொறைச்சாங்க, ஆனா அத ஜனங்ககிட்ட தெளிவா சொல்லல, அந்த டிசம்பர்ல வெளிய தெரிஞ்சு பெரிய பிரச்சனையாச்சு. பேட்டரி ஹெல்த் செட்டிங்ஸ்ல வந்ததே அதுக்கப்புறம்தான். அங்க 80%க்குக் கீழ காட்டுச்சுன்னா முதல்ல பேட்டரிய மாத்துங்க, மேஜர் அப்டேட்ட அப்புறம் பாத்துக்கலாம்.