கிராண்ட் கேன்யனில் இறங்க இறங்க ஏன் கொதிக்கிறது?

மலை ஏறுகிறவர் களைத்துவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கணக்கு தலைகீழ். அங்கே பிரைட் ஏஞ்சல் பாதை தெற்கு விளிம்பில் சுமார் 2,090 மீட்டர் உயரத்தில் தொடங்கி, சுமார் 13 கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கி, ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்திலுள்ள கொலராடோ ஆற்றை அடைகிறது. முதல் பாதி சுகம். ஏற்றம் தொடங்கும்போது கால் ஓய்ந்திருக்கும், வெயிலும் உச்சிக்கு வந்திருக்கும்.

ஜூலையில் விளிம்பில் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸ், ஆற்றங்கரையில் 41. காரணம் காற்றழுத்தம். கீழிறங்கும் காற்றை மேலே உள்ள காற்றின் எடை அமுக்குகிறது. அமுங்கும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே சங்கதிதான். வறண்ட காற்றில் 1,000 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும். போதாக்குறைக்கு, அடியில் இருக்கும் கருநிற விஷ்ணு ஷிஸ்ட் பாறைகள் பகல் வெயிலை வாங்கி வைத்து, இருட்டிய பிறகும் அனலடிக்கின்றன. மேலே சொன்ன 41 டிகிரி நிழலில் அளந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

வெயிலில் நடப்பவரின் தோல் வெப்பம் 35 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். காற்று அதைவிடச் சூடானால் உடலின் வெப்பம் காற்றுக்குப் போகாது. காற்றுதான் உடலைச் சூடாக்கும். மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். 70 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ பையோடு 1,300 மீட்டர் ஏற, ஏறத்தாழ 1,000 கிலோஜூல் வேலை செய்ய வேண்டும். தசைகளின் திறன் கால்பங்குதான் என்பதால் இன்னும் 3,000 கிலோஜூல் வெறும் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற மட்டுமே ஒன்றேகால் லிட்டர் வியர்வை வேண்டும். வெயில் ஏற்றும் சூடு தனிக்கணக்கு. கடலோர ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்து வியர்வையைக் காட்டிக்கொடுக்கும். இங்கே வந்த மாத்திரத்தில் காய்ந்துவிடும். சட்டையில் படியும் வெள்ளை உப்புக்கோடுதான் அடையாளம்.

அந்த உப்பை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவது இன்னொரு ஆபத்து. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். வெயில் மயக்கத்துக்கும் இதே அறிகுறிகள் உண்டு என்பதால் கூட வந்தவர்கள் இன்னும் தண்ணீர் புகட்டி நிலைமையை மோசமாக்குவதுண்டு. நிறையக் குடித்தார், சாப்பிடவில்லை, சிறுநீர் நிறமின்றி அடிக்கடி போகிறது என்றால் தண்ணீரை நிறுத்தி, உப்புள்ள தின்பண்டம் கொடுத்து உட்காரவையுங்கள். குழப்பமோ வலிப்போ வந்தால் வாயில் எதுவும் கொடுக்காமல் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. உடனே தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும்.

கோடையில் விடியுமுன் இறங்குங்கள். ஏறுவதற்கு, இறங்கியதைப்போல் இருமடங்கு நேரம் பிடிக்கும் என்பதால், கைவசமுள்ள நேரத்தில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். 2.4, 4.8 கிலோமீட்டரில் உள்ள இளைப்பாறும் கூடங்களில் பருவத்துக்கேற்பவே குடிநீர் வரும். குழாய் உடைந்தால் அதுவும் வராது. பாதைத் தொடக்கத்திலுள்ள அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை ஏறாதீர்கள். 7.2 கிலோமீட்டரில் உள்ள ஹவசுபாய் கார்டன்ஸில் மரநிழலும் ஓடையும் உண்டு. அங்கே தங்கி, பருத்திச் சட்டையைப் பிழியாமல் நனைத்துப் போட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் ஏறலாம். பையில் டார்ச் இருக்கட்டும். மேலே வந்து சேர இருட்டிவிடும்.