உப்பு வேலி கரைந்தபின் வந்த பேத்தை

செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல். லாகோசெபாலஸ் ஸ்கெலரேட்டஸ் என்ற செங்கடல் பேத்தை மீன் மத்தியதரைக் கடலில் முதன்முதலாகப் பதிவானது 2003இல், துருக்கியின் கோக்கோவா வளைகுடாவில். வழி திறந்தே கிடக்க, ஏன் இத்தனை தாமதம்?

பனாமா கால்வாயில் இருப்பதுபோல், நீரை அடைத்து மட்டத்தை ஏற்றியிறக்கும் நீர்ப்பூட்டுகள் சூயஸில் கிடையாது. வேலியாக நின்றது உப்பு. கால்வாய் கடந்து செல்லும் கசப்பு ஏரிகள் ஒரு காலத்தில் வறண்ட பள்ளங்கள். அடியில் பல மீட்டர் தடிமனுக்கு உப்புப் பாளம். நீர் நிரம்பியதும் பாளம் கரையத் தொடங்கியது. ஏரி கடலைவிட மிக அதிகமாகக் கரித்தது. சில மீன்கள் அப்போதே தாண்டிவிட்டன என்றாலும் பலவற்றால் முடியவில்லை. பல பத்தாண்டுகள் நீரோட்டம் அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போனது. மறுமுனையில், இன்னொரு வேலிபோல, நைல் நதியின் வெள்ளம் கடலில் நன்னீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1970இல் முடிந்த அஸ்வான் உயர் அணையால் அதுவும் பெரிதும் குறைந்துவிட்டது. கடல் வெப்பமும் ஏற, செங்கடல் மீனுக்குக் கிழக்கு மத்தியதரை கிட்டத்தட்டச் சொந்த ஊராகிவிட்டது.

அதன்பின் பரவல் படுவேகம். பத்தே ஆண்டுகளில், 2013இல், இத்தாலியின் லம்பெடூசா தீவுவரை எட்டிவிட்டது.

ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் இந்தப் பேத்தையின் வாயில், அலகுபோல் இணைந்த நான்கு பற்கள். நண்டு ஓட்டை நொறுக்க அமைந்தவை. தூண்டில் நரம்பெல்லாம் அவற்றுக்கு எம்மாத்திரம்! செவுள் வலையில் சிக்கிய மீனைக் கடிக்கும்போது வலையும் சேர்ந்தே அறுந்துபோகும். மீனவருக்கு இரட்டை நட்டம். பேத்தையைப் பிடித்தாலும் விற்க வழியில்லை.

காரணம் டெட்ரோடோடாக்சின். இந்த நஞ்சைப் பேத்தை தானாகச் சுரப்பதில்லை. பாக்டீரியாக்கள் உண்டாக்குவது இரை வழியாக அதன் ஈரலிலும் சினையிலும் சேர்கிறது. நரம்பு செல்களில் சோடியம் நுழையும் வாயில்களை இது அடைத்துவிடும். நரம்புச் செய்தி நின்று, மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். சமைத்தாலும் நஞ்சு போகாது, மாற்று மருந்தும் இல்லை. பேத்தையின் சொந்த வாயில்கள் மட்டும் வடிவம் சற்று மாறியிருப்பதால் அவற்றில் நஞ்சு ஒட்டுவதில்லை.

மீனவர் வெட்டிக் கொண்டுவரும் ஒவ்வொரு பேத்தை வாலுக்கும் துருக்கி அரசு 2020 முதல் பணம் கொடுக்கிறது. கரையோரத்தில் சேதம் குறையலாம், ஆனால் இந்த மீன் ஒழியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2015இல் கால்வாயை இன்னும் அகலமாக்கியிருக்கிறார்கள். ஏரிகளில் பழைய உப்பும் இல்லை.