போஸ்ட்-பேக்கில் சேரும் முன் மதிப்பெண் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காத பிள்ளைகளின் வீடுகளில் தை, மாசி மாதங்களில் ஒரே பேச்சுதான்: "சும்மா இருக்காதே, ஏதாவது ஒரு போஸ்ட்-பேக்கில் சேர்ந்துவிடு." நம் தமிழ்க் குடும்பங்களில் இந்த அவசரம் சற்றுக் கூடுதல். பிள்ளை ஒரு வருடம் வீட்டிலிருந்தால் சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையிலேயே பல்லாயிரம் டாலரைக் கட்டிவிடுகிறார்கள். என் பல் கிளினிக்கில் என்னோடு நின்று வேலையைக் கவனிக்க வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்பதும் இதைத்தான்: சேரலாமா, வேண்டாமா?

போஸ்ட்-பேக் என்றால் பட்டம் வாங்கியபின் இளங்கலை நிலையிலேயே மேலும் சில அறிவியல் பாடங்களைப் படிப்பது. பொருளாதாரமோ கணினியோ படித்துவிட்டுப் பல் மருத்துவம் பக்கம் திரும்புகிறவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது, படித்தாக வேண்டும். குழப்பமெல்லாம் அறிவியல் பட்டம் கையில் இருந்தும் மதிப்பெண் குறைந்தவர்களுக்குத்தான்.

அவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். கிரெடிட் என்பது பாடத்தின் அளவு; ஜி.பி.ஏ. என்பது 'ஏ'க்கு 4 என்று வைத்துப் போடும் சராசரி மதிப்பெண். 120 கிரெடிட்டுக்கு 3.0 ஜி.பி.ஏ. வைத்திருக்கும் மாணவர், போஸ்ட்-பேக்கில் 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் 'ஏ' வாங்குகிறார் என்று வையுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும்? 3.2. இடம் பெறுகிறவர்களின் சராசரியோ 3.6-ஐ ஒட்டி இருக்கிறது. பழைய பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் மறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மறையாது. பெரும்பாலான கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ஆட்சாஸ், கரிம வேதியியலில் முதலில் வாங்கிய 'சி'யையும் பிறகு வாங்கிய 'ஏ'யையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

பிறகு எதற்காகப் படிப்பது? மொத்த ஜி.பி.ஏ. அதிகம் அசையாவிட்டாலும், பட்டத்துக்குப் பின் படித்தவை விண்ணப்பத்தில் தனியாகத் தெரியும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள். உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்து 'ஏ' வாங்கியவர் பல் மருத்துவ முதலாண்டின் சுமையைத் தாங்குவார் என்று நம்ப இடமிருக்கிறது. அதே பாடங்களைப் பருவத்துக்கு ஒன்றாக இழுத்துப் படித்தால் அந்த நம்பிக்கை வராது.

ஆனால் மதிப்பெண்தான் தடையா என்பதே பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் பல்லைக் குடைவது போன்றது இது. ஒரு மாணவி தன் மதிப்பெண் பட்டியலோடு வந்திருந்தார். இரண்டாம் ஆண்டில் ஒரே பருவத்தில் கரிம வேதியியலில் 'சி பிளஸ்', இயற்பியலில் 'பி மைனஸ்'; அப்போது வார இறுதிகளில் மருந்துக்கடையில் வேலை பார்த்திருக்கிறார். அதன்பின் கடைசிவரை ஏறுமுகம்தான். முதுகலையில் சேர முன்பணம் கட்டும் நிலையில் இருந்தவரிடம், விண்ணப்பத்தை எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அக்டோபர் கடைசி என்றார். விண்ணப்பம் மே மாதமே திறந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகள் வரவர வாசித்து நேர்காணல் இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். அடுத்த ஜூனில் அதே மதிப்பெண்களோடு அனுப்பினார், நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டாட்டில் சறுக்கியவர்களுக்கும் போஸ்ட்-பேக் மருந்தல்ல. மடித்த காகிதத்தில் துளையிட்டுப் பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும், அடுக்கிய கனசதுரங்களில் எத்தனைக்கு எத்தனை பக்கம் வண்ணம் பட்டிருக்கும் என்பது போன்ற 90 கேள்விகள் கேட்கும் ஒரு பகுதி அதில் உண்டு. எந்தக் கல்லூரி வகுப்பும் அதைச் சொல்லித் தராது. வீட்டில் உட்கார்ந்து பழக வேண்டியதுதான். (2025 மார்ச் முதல் இந்தத் தேர்வின் மதிப்பெண் 200-லிருந்து 600 வரையிலான அளவில் வருகிறது. பழைய 30 மதிப்பெண் அளவை வைத்து அண்ணன், அக்கா சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

போஸ்ட்-பேக் என்ற பேச்சிலேயே ஓராண்டு முதுகலைப் படிப்புகளையும் சேர்த்துவிடுகிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் வாய்நல அறிவியல் முதுகலை போன்றவை இந்த வகை. இவற்றின் மதிப்பெண் தனிக் கணக்கில் போகும், இளங்கலை ஜி.பி.ஏ. ஒரு புள்ளிகூட உயராது. நன்றாகப் படித்தால் வலுவான சான்று, சறுக்கினால் அதற்குப்பின் காட்ட எதுவும் மிஞ்சாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்திலும் பல் மருத்துவத்துக்கென்றே ஒரு போஸ்ட்-பேக் உண்டு. அது வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கானது. பெற்றோர் இருவரும் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் இப்போது கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் பட்ட மேற்படிப்புக்கான 'கிராட் பிளஸ்' கடன் புதியவர்களுக்குக் கிடையாது. பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். இளங்கலையிலிருந்து எல்லாம் சேர்த்து ஒருவர் வாழ்நாளில் வாங்கக்கூடியது 2,57,500 டாலர். முதுகலைக்கு வாங்கும் கடனும் இந்த உச்சவரம்பில்தான் சேரும். பல் மருத்துவம் முடிக்க 3 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் கல்லூரிகள் ஏராளம். மீதிக்குத் தனியார் வங்கிதான்.

இந்தியாவில் பி.டி.எஸ். முடித்துவிட்டு வருகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அவர்களுக்கான வழி வேறு: பல் மருத்துவ உரிமத்துக்கான ஐ.என்.பி.டி.இ. தேர்வு, வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களுக்கான பொது விண்ணப்ப முறையான கேப்பிட் வழியாக விண்ணப்பம், பிறகு இரண்டு, மூன்று ஆண்டுப் படிப்பு. போஸ்ட்-பேக்கில் சேர்ந்தால் எளிது என்று யாராவது சொன்னால் சொல்கிறவரின் கமிஷனை விசாரியுங்கள்.

முடிவெடுக்கும் முன், இடம் தராத கல்லூரிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பி, விண்ணப்பத்தில் எது குறை என்று கேளுங்கள். எல்லாரும் பதில் சொல்வதில்லை. சொல்கிற இடத்தில் கிடைப்பது எந்த ஆலோசகரும் தர முடியாத தகவல். சேர நினைக்கும் போஸ்ட்-பேக்கில், போன ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பல் மருத்துவத்தில் இடம் பெற்றார்கள் என்று கேளுங்கள். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் எல்லாவற்றையும் கூட்டி ஒரு சதவீதம் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். 'நேர்காணல் உறுதி' என்று விளம்பரத்தில் இருந்தால் அதற்கு எத்தனை ஜி.பி.ஏ., எத்தனை டாட் மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

சேர்வதென்றே முடிவானால், செப்டம்பரில் வகுப்பு தொடங்கப்போகும் அதே ஆண்டின் ஜூனில் விண்ணப்பத்தையும் அனுப்பிவிடாதீர்கள். புதிய மதிப்பெண் ஒன்றுகூட இல்லாமல், சென்ற ஆண்டு திரும்பி வந்த அதே தாள்தான் மறுபடி போகும். மே மாதம் படிப்பை முடித்துவிட்டு ஜூனில் அனுப்புங்கள்.