காருக்கு ஆகாத காரீயம் விமானத்துக்கு எதற்கு?

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டுக்கு மேலே நாளெல்லாம் குட்டி விமானங்கள் வட்டமடிக்கின்றன. பக்கத்து ஏர்போர்ட்டில் காரீயம் கலந்த பெட்ரோலை விற்கக் கூடாது என்று கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நிறுத்திவிட்டதாம். பெட்ரோலில் காரீயம் என்பதே எப்போதோ ஒழிந்த சங்கதி இல்லையா?”

காரீயம் நஞ்சு என்பதால் காருக்கு ஒழிந்துவிட்டது. அமெரிக்காவில் 1996-இல், இந்தியாவில் 2000-இல், கடைசி நாடாக அல்ஜீரியாவில் 2021-இல். விமானத்துக்கு ஒழியவில்லை. நாம் டிக்கெட் எடுத்து ஏறும் ஜெட் விமானங்களை இதில் சேர்க்காதீர்கள். அவை எரிப்பது மண்ணெண்ணெய் வகை; அதில் காரீயம் கிடையாது. பிரச்சினை எல்லாம் பிஸ்டன் என்ஜின் வைத்த சின்ன விமானங்களோடுதான்.

வாசகி சொல்லும் இடம் ரீட்-ஹில்வியூ. 1930களின் இறுதியில் ரீட் சகோதரர்கள் தொடங்கிய ஓடுதளத்தை 1961-இல் சான்டா கிளாரா கவுண்டி வாங்கியது. பயணிகள் விமான சேவை எதுவும் இல்லை. பைலட் பயிற்சிப் பள்ளிகளும் சொந்த விமானக்காரர்களும்தான். அன்று சுற்றிலும் பழத்தோட்டம். இன்று வீடு, பள்ளிக்கூடம், வேலியை ஒட்டி ஒரு மால். கவுண்டிக்கு ஏர்போர்ட்டையே மூடிவிட ஆசை. ஆனால் மத்திய அரசின் விமானத் துறையான எஃப்ஏஏ-விடம் வாங்கிய மானியத்தின் நிபந்தனைகள் 2031 வரை கட்டிப்போட்டிருக்கின்றன. அரசியல் கிடக்கட்டும், என்ஜினுக்குள் போவோம்.

பெட்ரோல் என்ஜினின் நான்கு வீச்சுகளும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் பெட்ரோல்-காற்றுக் கலவை மொத்தமும் ‘டப்’ என்று வெடிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி வெடித்தால் என்ஜின் தாங்காது. பொறி விழுந்த இடத்தில் பிறக்கும் தீ, மெல்லிய சுவராக சிலிண்டரின் மறுகோடிக்கு நகர வேண்டும். சரவெடி ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டே போவதற்கும், மொத்தச் சரத்தையும் அடுப்பில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தீச்சுவர் நகரும்போது, பின்னால் எரிந்த வாயு விரிந்து, மூலையில் இன்னும் எரியாமல் கிடக்கும் மிச்சக் கலவையை நசுக்குகிறது. நசுக்கினால் சூடு ஏறும். எனக்குப் பிடித்த வேதியியல் இந்த மூலையில்தான் இருக்கிறது. பெட்ரோல் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பிடுங்கப்படுகிறது. காயம்பட்ட அந்த மூலக்கூறுக்கு ‘ராடிக்கல்’ என்று பெயர். அது உடனே ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு பெராக்ஸைடு ஆகிறது. பெராக்ஸைடு நிலைக்காது, உடையும். உடைந்தால் இரண்டு ராடிக்கல். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். தீச்சுவர் வந்து சேருவதற்குள் இந்தப் பெருக்கம் எல்லை மீறினால், மிச்சக் கலவை முழுவதும் ஒரே கணத்தில் தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதும் ‘டிங் டிங்’ சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். சத்தத்தை விட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பிஸ்டன் தலையை ஒட்டி மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் ஒன்று கவசமாக இருக்கும். அதை இந்த அலை துடைத்துவிடுகிறது. பிறகு அலுமினியம் நேரடியாக நெருப்பின் முன்னால் நிற்கும். உருகும், ஓட்டை விழும்.

காரில் இதற்கு வழி இருக்கிறது. நாக்கிங்கைக் கேட்டறியும் சென்சார் உண்டு. கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைத் தள்ளிவைக்கும். விமானத்தில்? செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் இருக்கும் லைகமிங் நிறுவன என்ஜினைப் பாருங்கள். நாலே சிலிண்டர், கிட்டத்தட்ட 6 லிட்டர் கொள்ளளவு. சிலிண்டர் அகலமானது, ஆகவே தீச்சுவர் கடக்க வேண்டிய தூரம் அதிகம். குளிர்விப்பது வெறும் காற்று. பொறி விடும் நேரம், பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ என்ற கருவியில் நிலையாக அமைக்கப்பட்டது. நாக்கிங்குக்கு இவ்வளவு தோதான வடிவமைப்பு வேறு இல்லை. அப்படியும் 50 வருடமாகப் பறக்கிறது என்றால், காப்பாற்றுவது எரிபொருள்.

நாக்கிங்கைத் தடுக்கும் என்று 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ராஎத்தில் லெட் என்ற சேர்மம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஒரு காரீய அணு, அதைச் சுற்றி நான்கு எத்தில் கைகள். சூட்டில் கைகள் உதிர்ந்துவிடும். காரீயம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத காரீய ஆக்ஸைடு தூசியாகி அந்த மூலையெங்கும் மிதக்கும். பெருகத் துடிக்கும் ராடிக்கல்கள் தூசியின் மேல் மோதி அடங்கிப்போகும். சங்கிலி அறுந்துவிடும். தீச்சுவர் வந்து சேர அவகாசம் கிடைக்கும். இதற்கு லிட்டருக்கு அரை கிராமை ஒட்டிய காரீயமே போதும். இன்றைய விமானப் பெட்ரோலான 100எல்எல்-இல் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.56 கிராம். பெயரில் உள்ள ‘எல்எல்’ என்றால் ‘குறைந்த காரீயம்’ என்று அர்த்தம்! அதற்கு முந்தைய ரகத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது.

வேலை முடித்த தூசி எங்கே போகும்? சிலிண்டரிலேயே தங்கினால் பிளக்கை அடைத்துவிடும். அதனால் டைபுரோமோஎத்தேன் என்ற இன்னொரு சேர்மத்தையும் கலக்கிறார்கள். அது காரீயத்தைச் சூட்டில் ஆவியாகக்கூடிய காரீய புரோமைடாக மாற்றிப் புகைக்குழாய் வழியே வெளியேற்றுகிறது. அப்படியும் கொஞ்சம் தங்கும். பழைய பிளக்கைக் கழற்றினால் அதன் வாய்க்குள் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி மணிகள் ஒட்டியிருக்கும். மெக்கானிக் கூரான ஊசியால் நெம்பி எடுப்பார். மணியாகத் தங்காதது எல்லாம் காற்றில். ஆக, காரீயம் ஊருக்குள் வருவது கசிவோ விபத்தோ அல்ல. வெளியே துப்ப வேண்டும் என்றே அந்தப் பெட்ரோலை வடிவமைத்திருக்கிறார்கள்.

செஸ்னா 172 மணிக்கு 30 லிட்டரைத் தாண்டிக் குடிக்கும். உச்சவரம்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 17, 18 கிராம் காரீயம். பறப்பதற்கு முன் ஓடுதளத்தின் முனையில் நின்று என்ஜினை முறுக்கி, சாவியை வலது மேக்னெட்டோவுக்கும் இடதுக்கும் மாற்றிப் பார்ப்பது கட்டாயம். அந்தப் புகை முழுக்கத் தரைமட்டத்திலேயே படியும்.

ரீட்-ஹில்வியூ சுற்றுவட்டாரக் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கவுண்டி ஆய்வாளர்களிடம் கொடுத்து அலசச் சொன்னது. 2021-இல் அறிக்கை வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து அரை மைலுக்குள் வசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் அதிகம். காற்று புகையை அடித்துச் செல்லும் கிழக்குப் பக்கத்தில் இன்னும் அதிகம். விமானப் போக்குவரத்து கூடினால் அதுவும் கூடுகிறது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே 100எல்எல் விற்பனை நின்றது. காரீயம் மக்கிப்போகும் பொருள் அல்ல. பழைய மண்ணில் இன்னும் இருக்கக்கூடும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் டாக்டரிடம் கேட்டு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இத்தனை காலம்? என் பதில் கொஞ்சம் கசப்பானது. விமானப் பெட்ரோல் சந்தை கார்ச் சந்தையின் கால்தூசி பெறாது. அதில் ஆராய்ச்சிக்குப் பணம் போட யாருக்கும் அக்கறை இல்லை. மேற்கு நாடுகளுக்கான டெட்ராஎத்தில் லெட்டைத் தயாரிப்பது இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட்டில் உள்ள ஒரே ஆலை. மாற்று எரிபொருளைத் தேட எஃப்ஏஏ நடத்திய அரசுத் திட்டம் வருடக்கணக்கில் நகர்ந்தது. ஓக்லஹோமாவின் ஏடா என்ற சிற்றூரில் இருந்து காமி என்ற சின்ன நிறுவனம் தன் காரீயமற்ற பெட்ரோலான ஜி100யுஎல்-க்கு 2022-இல் பரந்த ஒப்புதல் வாங்கிவிட்டது. இந்தியாவும் சளைத்ததல்ல. இந்தியன் ஆயில் 2022-இல் உள்நாட்டுத் தயாரிப்பு என்று பெருமையோடு அறிமுகப்படுத்தியது அதே 100எல்எல்-ஐத்தான். சொந்தமாகச் செய்ய முடிந்தவர்களுக்குக் காரீயம் இல்லாமல் செய்யவும் ஒரு ஆய்வுக்கூடம் ஒதுக்க முடியாதா?

ரீட்-ஹில்வியூவில் முதலில் யுஎல்94 என்ற காரீயமற்ற பெட்ரோல் வந்தது. பயிற்சி விமானங்களுக்குப் போதும். அழுத்த விகிதம் அதிகமான, அதாவது கலவையை இன்னும் இறுக்கி நசுக்கும் பெரிய என்ஜின்களுக்குப் போதாது. 2024 இறுதியில் ஜி100யுஎல் வந்தது. அதில் காரீயத்தின் இடத்தைப் பெரும்பாலும் நிரப்புவது சைலீன். பென்சீன் வளையத்தில் இரண்டு மெத்தில் குழுக்கள் ஒட்டிய மூலக்கூறு. வளையத்தின் ஹைட்ரஜனை எளிதில் பிடுங்க முடியாது. மெத்திலிலிருந்து பிடுங்கினாலும், கிடைக்கும் ராடிக்கல் வளையத்தோடு பகிர்ந்துகொண்டு சாந்தமாகிவிடும், பெருகாது. காரீயத் தூசி வெளியிலிருந்து செய்த வேலையை எரிபொருளே உள்ளிருந்து செய்கிறது. ஆனால் சைலீனை நமக்கு வேறு இடத்திலும் தெரியும்: பெயிண்ட் கடைத் தின்னரில். அதே வளையம் பாலிமர்களுக்குள் எளிதாக நுழைந்து இளக்கும். விற்பனை தொடங்கியபின் இறக்கையில் பெயிண்ட் உரிகிறது, டேங்கில் கசிவை அடைக்கும் சீலன்ட் பூச்சு இளகுகிறது என்று சில விமானச் சொந்தக்காரர்கள் புகார் சொல்ல, நிறுவனம் மறுக்க, சண்டை அங்கே மூண்டது.